சீட்டு இல்லாத பை

மாம்பழக் கூழ் ஆலையில் இரண்டு சீசன்
பெங்களூரா தரம் பிரித்தவள் நான்.
அடிபட்டது, வெம்பியது, காம்புப் பால் வடிந்து கறுத்தது.
இப்போது கிருஷ்ணகிரியில்,
கிடங்கின் பின்னறையில்,
தினக்கூலிக்கு ஓடு பிரிக்கிறேன்.

முப்பத்தெட்டு வருஷம் யூரியா சாக்கில் கிடந்தவை.
வாய்க்கட்டை அவிழ்த்தால்
முதலில் ஓடுவது பாச்சை.
அப்புறம் எலிப்புழுக்கை.
அதற்கப்புறம்தான் இரும்புக்காலம்.

சுவரில் ஒட்டிய தாளில் நான்கு விதி:
கழுவக் கூடாது.
ரப்பர் பேண்ட் போடக் கூடாது.
ஒரு பையை மூடிய பிறகே மறு பை.
சந்தேகம் வந்தால் எழுது, ஊகிக்காதே.
நான்காவதன் அடியில் மட்டும் யாரோ
பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

இர்ஷாத் பெட்டி மடிப்பான்.
பர்கூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் மடித்த கை.
அமிலம் இல்லாத அட்டையாம்,
ஒன்றின் விலை என் அரைநாள் கூலி.
ஒவ்வொரு ஓட்டுக்கும் வெள்ளை நுரையில்
அதன் வடிவத்துக்கே பள்ளம் வெட்டுவான்.
"ஷூவுக்காவது நம்பர் உண்டு" என்பான்,
"இதுங்க ஒவ்வொன்னும் ஒரு கால்."

பழைய சீட்டுகள் பழுப்புத் தாளில், நீல மையில்:
குழி அ2, மண்ணடுக்கு 3, ஆழம் 1.40.
சிலவற்றை ஈரம் தின்றது.
சிலவற்றை இராமபாணம்.
பூச்சிக்கும் ருசி இருக்கிறது,
பசை தடவிய மூலையாகப் பார்த்துத் தின்றிருக்கிறது,
எண் இருந்த மூலை.

ஒரு சீட்டின் முதுகில் வேறொரு கையெழுத்து:
கெம்பன் 7
முனிரத்தினா 7
சாக்கம்மா 5
கூடையா, கூலியா, எழுதவில்லை.
கூலி என்றால்
அந்த இரண்டு ரூபாய் எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.
ஆனால் நான்காவது விதி.
பதிவேட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.
"குறிப்பு" என்ற இடத்தில்
அப்படியே, கோணல் மாணலாக, பார்த்து எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை, பதினேழாம் சாக்கின் அடியில்
சீட்டே இல்லாமல் ஒரு பை.
விளிம்போடு ஆறு. இரும்புக் கசடு ஒரு கட்டி.
நடுவில் துளையிட்ட மண்வட்டு, தக்களியாக இருக்கலாம்
(இருக்கலாம் என்றுதான் எழுதினேன்).

மேற்பார்வை திம்மராயன் எட்டிப் பார்த்தார்.
"மூணாம் அடுக்குல போட்டு மூடும்மா,
முப்பத்தொண்ணாம் தேதி கணக்கு முடிக்கணும்,
பானைக்கா தெரியப்போவுது?"

போடலாம்தான்.
ஒரு விளிம்பை எடுத்து
மூன்றாம் அடுக்கின் ஓட்டோடு சேர்த்தும் பார்த்தேன்.
பொருந்தியது.
கிட்டத்தட்ட.
ஒரு மிளகு நுழையும் அளவுக்கு
நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

ஆலையில் இப்படித்தான்
ஒரு லாரியின் அழுகலை
இன்னொரு லாரி கணக்கில் ஏற்றுவார்கள்.
பழம் பேசாது.
காசு குறைந்த விவசாயி வந்து கத்துவான்.
இங்கே கத்த வருபவர் யாரும் இல்லை.
அதனாலேயே
கை பின்னுக்கு வந்தது.

திம்மராயன் முகம் தூக்கிக்கொண்டு போனார்.
மறுநாள் டீ எனக்கு மட்டும் வரவில்லை.

இர்ஷாத் எதுவும் கேட்கவில்லை.
நுரையை எடுத்தான், ஆறு விளிம்புக்கும் ஆறு பள்ளம்,
கசடுக்கு ஒன்று,
வட்டுக்கு வட்டமாக ஒன்று.
மற்றப் பெட்டிக்கு எவ்வளவு நேரமோ
இதற்கும் அவ்வளவு.

"பிரித்தவர்" என்ற கட்டத்தில்
முதலெழுத்து போதும் என்று சொல்லியிருந்தார்கள்.
நாகவேணி என்று முழுசாக எழுதினேன்,
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது.

கண்டெடுத்த இடம்: தெரியவில்லை.
இருக்கும் இடம்: அலமாரி ஏழு,
மூன்றாம் தட்டு, இடது ஓரம்,
ஜன்னலிலிருந்து தள்ளி.