மார்கழியில் ஒரு களா

வாய்க்காலுக்கு அக்கரையில்
பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி
கரகரத்துத் தொண்டையைச் செருமினால் மணி நாலரை.
இந்த மாதம் என் சஹருக்கு அதுதான் அலாரம்.

அடுப்படி விளக்கை மட்டும் போட்டு
நேற்றைய சோற்றில் மோரை ஊற்றி
நின்றுகொண்டே தின்கிறேன்.
தெருவை எழுப்பும் கொட்டு இல்லை.
பள்ளிவாசலில் கஞ்சி இல்லை, தூக்குவாளிப் பிள்ளைகள் இல்லை.
மேலப்பாளையம் முழுக்கத் தூங்குகிறது.
ஊர் நோன்பில்லை இது.

வழக்கமான ஏழு நாள் களாவை
ஆவணியிலேயே பிடித்துவிட்டேன்.
அதைச் சொல்ல எந்தப் பெண்ணுக்கும் வெட்கமில்லை.
இது எட்டாவது.
நாட்காட்டியில் குறிக்காதது.

சித்திரை. இருபத்திரண்டாம் நோன்பு.
ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டியின் மறைவில்
ஒரு பாட்டில் தண்ணீர்,
அண்ணாந்து, மூச்சுவிடாமல்.
மயக்கமில்லை, காய்ச்சலில்லை.
தாகம். அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்பது.
அன்று மாலை பாங்கு சொன்னதும்
எல்லோரோடும் உட்கார்ந்து பேரீச்சம்பழம் கடித்தேன்.
"முகமே வாடிப்போச்சே" என்று
மச்சான் முதல் வடையை என் தட்டில் வைத்தார்.
தின்றேன்.
தண்ணீர் எப்போதோ இறங்கிவிட்டது.
வடைதான் இன்னும் நிற்கிறது.

ஆலிமாவிடம் போய்
"ஒருத்தி இப்படிச் செஞ்சிட்டா" என்றேன்.
"அந்த ஒருத்தி அழுது தவ்பா கேக்கட்டும்,
ஒண்ணுக்கு ஒண்ணு பிடிக்கட்டும்" என்றார்.
யாரென்று கேட்கவே இல்லை.

நான் பார்த்துப் பார்த்து எடுத்ததோ மார்கழி.
பகல் குட்டை, காற்றில் ஈரம்.
சலவை நோட்டாகக் கடன் வாங்கி
ஒட்டுப்போட்ட நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன்.
வாங்கிக்கொள்வாயா?

ஹைகிரவுண்டு லேபில் என் வேலை
ஊசி குத்துமுன் ஒரு கேள்வி:
"வெறும் வயிறுதானே?"
இன்று மட்டும் நாற்பத்தோரு பேரிடம் கேட்டேன்.
ஒவ்வொரு தடவையும்
என் வயிறும் உள்ளிருந்து பதில் சொன்னது.

முன்னீர்பள்ளத்து உலகம்மாள்,
பீடி இலை வெட்டிக் காய்த்த விரல்,
கையை நீட்டினாள், உடனே இழுத்துக்கொண்டாள்.
"ஒரு மடக்கு காப்பி குடிச்சிட்டேன் தாயி."
"வரும்போது சொல்லியிருக்கலாமே?"
"நெனச்சேன், சொல்லாண்டாம்னுதான் நெனச்சேன்.
ஆனா ரத்தம் சொல்லிப்புடும்லா?"

பஞ்சை அழுத்தியபடி நின்றேன்
குத்தாத கையின்மேல்.
நாளைக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.
அவள் சிரித்துக்கொண்டே போனாள்,
எட்டு மாதம் எனக்கு வராத சிரிப்பு.

பதினோரு மணிக்கு ஜெபக்கனி டீ கொண்டுவந்தாள்.
"பெறவு" என்றேன். பொய்யில்லை.
ஆடை படிந்து, சுருங்கி, ஆறிப்போனது.
அன்று நோன்பாளியாக நடித்தேன்,
இன்று நோன்பில்லாதவளாக.
இரண்டு நடிப்பையும் பார்த்தது ஒரே ஆள்.
அதை நினைத்தபோது பயம் வரும் என்றிருந்தேன்.
வந்தது வேறு:
கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்கு
யாரோ பின்னாலேயே வந்துகொண்டிருந்தது தெரிந்தால் எப்படியோ,
அப்படி.

குலவணிகர்புரம் கேட் அடைத்துக் கிடந்தது.
பஸ்ஸுக்குள் இருட்டு.
நாகர்கோவில் வண்டி இன்னும் வரவில்லை.
அந்தப் பக்கமிருந்து ஒரு பாங்கு,
அது முடியுமுன் இன்னொன்று,
ஒன்றன்மேல் ஒன்றாக ஊர்ப் பள்ளிகள் எல்லாம்.
தண்ணீர் பாட்டில் மேசையிலேயே கிடக்கிறது
என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பக்கத்துச் சீட்டுக்காரி
மடியில் பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
நான் பார்த்த பார்வை எப்படி இருந்ததோ,
பாதியை ஒடித்து நீட்டினாள்.
பேரீச்சைக்குப் பனை தூரத்துச் சொந்தந்தானே.
பிஸ்மி சொல்லிக் கடித்தேன்.
மஞ்சளும் உப்பும் மண்ணும்.

வண்டி கடந்து, கேட் ஏறி,
வீடு வந்து, தண்ணீர் குடித்து,
தொழுது முடித்த பிறகும்
பல்லிடுக்கில் ஒரு நார்.
நாக்கு அதையே தேடித் தேடிப் போகிறது.
கடன் தீர்ந்ததா, தெரியவில்லை.
மச்சான் கேட்கிறார்,
"என்ன மீராளு, வாய்க்குள்ள என்ன?"

சொல்லத்தான் போகிறேன்.
அடுப்பில் வடைச் சட்டி காயட்டும்.