ரசமட்டம்

ஐந்து ரோட்டுப் பக்கம் நாலு மாடிக் கட்டடம்.
திங்கட்கிழமை அதிகாரி வருகிறார் என்று
சனிக்கிழமை மதியம்தான் எனக்கு போன்.
எஃகுப் பலகையில் எழுத்து வெட்டியிருந்தது: படி.
அதன் அடியில் ஒட்டத் தனியே ஒரு பட்டை,
அம்மை போட்ட முதுகு மாதிரிப் புள்ளி புள்ளியாய்.
எது மேல், எது கீழ், குறிப்பு இல்லை.
ரசமட்டம் வைத்தேன்.
குமிழி நடுவில் நின்றது.
ஒட்டினேன்.

செவ்வாயன்று பில் வாங்கப் போயிருந்தேன்.
மூன்றாம் மாடி வரி ஆலோசகர் ஆபீஸ் நாகவேணி
சுவரில் புதுசாய் ஏதோ தட்டுப்பட நின்றார்.
விரல் ஓடியது. திரும்ப முதலிலிருந்து ஓடியது.
பிறகு சிரித்தார், தோள்பையில்
டிபன் டப்பா குலுங்கும் அளவுக்கு.

"யாருங்க மாட்டினது?"

நான்தான் என்று சொல்ல
எச்சில் விழுங்கும் நேரம் ஆனது.

"முதல்ல ஈ-ன்னு இருக்கு.
அடுத்தது க்ஷ.
அப்புறம் ஒரு குறி,
இனி எண் வரப்போகுதுன்னு அர்த்தம்.
எண்ணு மட்டும் வரலைங்க.
நாலு வருசமா இங்கே ஏறி இறங்கறேன்,
ஈக்ஷ-ங்கிற ஊருக்கு இந்த வழியாப் போகலாம்னு
இன்னைக்குத்தான் தெரியும்."

ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பினேன்.
நல்ல பசை. எழுந்து வர மனசில்லை அதற்கு.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாமலா ஒட்டினீங்க?"

படிதாங்க, என்றேன்.

"அதையேதான் நானும் சொல்றேன்."

ஏழு பலகை. நாலு தலைகீழ், மூணு சரி.
காசு சுண்டி ஒட்டியிருந்தாலும்
அப்படித்தான் விழுந்திருக்கும்.
மூணு சரிக்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

ராத்திரி தூக்கம் இல்லை.
செரி ரோட்டு வங்கி, ஜங்ஷன் பக்கத்துக் கிளினிக்,
நேராய் மாட்டினேன் என்று நம்பியவை எல்லாம்
இருட்டில் ஒன்றொன்றாய்ப் புரண்டு படுத்தன.

ஞாயிறு, ஏற்காடு பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
எண் எழுதி வைத்திருக்கிறார்கள்.
டிரைவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

லாட்ஜ் தாழ்வாரத்துக்குள் பனி வந்திருந்தது.
நாகவேணியிடம் கேட்டுவந்த ஒரே குறி என் கையில்:
வலப்பக்கம் மூன்று புள்ளி,
இடப்பக்கம் அடியில் ஒன்று, நீட்டிய கால் போல.
அறை எண்ணில் அது முதலில் வரவேண்டும்.

நூற்றிரண்டாம் அறை.
கண்ணை மூடித் தடவினேன்.
ஸ்குரூ முறுக்கிக் காய்த்த விரல்;
எது புள்ளி, எது காய்ப்பு, பிடிபடவில்லை.
கண்ணைத் திறந்து பார்த்தேன்.
கடைசியில் நின்றது,
காலை மேலே தூக்கிக்கொண்டு.

"எதுக்குப்பா கழட்டறே?" மேனேஜர் வந்துவிட்டார்.
"மூணு வருசமா ஒருத்தரும் குறை சொல்லலையே."

சொல்லியிருக்க மாட்டார்கள் என்றேன்.
முதல் ஸ்குரூ
துருவோடு முனகியது.