கிலோவுக்குப் பத்து மில்லி

இரவுப் பணி முடிந்து
காட்பாடியில் பஸ் மாறி லத்தேரியில் இறங்கி
வரப்பில் ஏறும்போதே தெரிந்துவிட்டது.
கொக்குகள் அதிகம்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது.
எல்லாம் ரோகு. வயிறு ஊதி, செதில் நிமிர்ந்து,
துடுப்படியில் ரத்தம் கட்டியிருந்தது.
ஒரே குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன்,
நாய் தோண்டாத ஆழத்தில்.

"ஒரு பவுடர் இருக்குக்கா,
தீவனத்துல கலந்தா மூணே நாள்"
என்றான் மருந்துக்கடை முனாஃப்.
அவன் பொய் சொல்லவில்லை.
அந்தப் பவுடரின் பெயர் எனக்குத் தெரியும்.
வேலூர் ஆஸ்பத்திரியின் கிருமிப் பிரிவில்
பதினோரு வருடமாக
அதைப் பொட்டளவு காகித வில்லையில் ஏற்றித்
தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.
வில்லையைச் சுற்றி வெறும் வளையம் விழுந்தால்
யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவார்.
இப்போதெல்லாம் கிருமி
வில்லையின் விளிம்புவரை வந்து மேய்கிறது.
வார்டு எண்ணை எழுதுகிறேன்.
முகம் எழுதும் கட்டம் படிவத்தில் இல்லை.

முனாஃபுக்கு இதை எங்கிருந்து தொடங்குவது?
"வேணாம் தம்பி" என்றேன்.
இரண்டு கிலோ பூண்டு வாங்கினேன்.

கொழுந்தன் தாமோதரன் சிரித்தான்:
"மீனுக்கு ரசம் வைக்கிறியா அண்ணி?"

கிட்டத்தட்ட.
பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் காற்றில் விட்டேன்.
வேப்பிலையை நிழலில் காயவைத்தேன்.
வரப்புக் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி
மூன்றையும் தனித்தனியே ஊறவைத்து, வடித்து,
பாட்டில்களில் தேதி ஒட்டினேன்.

செத்த மீனிலிருந்து சுரண்டியதைத்
தட்டில் தடவ அனுமதி கேட்டபோது
பியூலா மேடம்
"மீன் ஆஸ்பத்திரியா இது?" என்றார்.
கையெழுத்தும் போட்டார்.

மறுநாள்
பூண்டைச் சுற்றிப் பதினான்கு மில்லிமீட்டர்.
வேம்பைச் சுற்றி ஒன்பது.
கீழாநெல்லி வில்லை மேலேயே
கிருமி பாய் விரித்துப் படுத்திருந்தது.
அதன் வேலை ஈரலில் இருக்கலாம்.
தட்டுக்கு ஏது ஈரல்.

குளம் தட்டில்லை என்று
வெள்ளிக்கிழமை தெரிந்தது.
கடலைப் பிண்ணாக்கு, தவிடு,
கிலோவுக்கு முப்பது மில்லி சாறு,
கஞ்சி விட்டுப் பிசைந்து
ஓட்டைச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டேன்.
வந்தன. முட்டின.
போய்விட்டன.
மாலையிலும் சாக்கு அதே கனம்.
பாலாடையைக் கண்ட குழந்தைகளாய்த்
தண்ணீருக்கடியில் ஐந்நூறு வாய்கள் மூடியிருந்தன.

இருபது மில்லி. அப்புறம் பத்து.
வேம்பைப் பாதியாக்கி
கே.வி.குப்பம் சந்தை வெல்லத்தில் ஒரு கை.
பத்தில் மூங்கில் ஆடியது.
ரயில் போகிறதென்று தண்டவாளத்தைப் பார்த்தேன்.
ரயில் இல்லை.

இதெல்லாம் கிழக்குக் குளத்துக்கு மட்டும்.
மேற்கில் வெறும் தவிடும் பிண்ணாக்கும்.
"அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"
தாமோதரன் இந்த முறை சிரிக்கவில்லை.
ஒப்பிட்டால்தானே தெரியும் என்ற பதில்
வாய்வரை வந்து
அங்கேயே நின்றது.

நோட்டில் இருப்பது:
கிழக்கு ஆறு, ஆறு, மூன்று, ஒன்று.
மேற்கு ஏழு, ஒன்பது, எட்டு.
அப்புறம் மழை.

ஒரே ராத்திரியில் முழங்கால் உயரம் ஏறிய தண்ணீரில்
நடுவரப்பைக் காணோம்.
சாறு தின்றவை, தின்னாதவை
ஒன்றாகச் சுற்றுகின்றன,
ஒரே சாக்கை முட்டுகின்றன.
ஐந்து நாளாக ஒன்றும் மிதக்கவில்லை.

முனாஃப் கேட்கிறான், என்ன போட்டீங்கக்கா?
'காரணம்' என்ற பத்தியில்
பூண்டு என்று எழுதி
பக்கத்திலேயே, மழை? என்றும் எழுதியிருக்கிறேன்.
புதுத் தண்ணீரே போதுமாயிருந்ததோ என்னவோ.
சாகிறதெல்லாம் அதற்குள் செத்துவிட்டதோ.

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு
டியூட்டியில் உட்கார்ந்தால்
பியூலா மேடம் மூக்கைச் சுருக்குகிறார்:
"இன்னிக்குமா?
இன்னும் என்ன பாக்கி?"

"முதல்ல வரப்பை உயர்த்தணும் மேடம்."