பார்வைக் கோடு

பலகைக்கு எண்பது சொற்கள்தான் அனுமதி.
நான்கு மொழிகள், ஒரே அளவு எழுத்து.
எதிரி என்ற சொல்லை முதல் நாளே அடித்துவிட்டேன்:
இத்தாலியத்தில் எழுதினால் ஒருவனைச் சுட்டுகிறது,
ஜெர்மனில் மற்றவனை,
எங்கள் ஸ்லோவீனியத்தில் எழுதும்போது
யார் பக்கம் சாய்வதென்று
பேனா திகைத்து நிற்கிறது.
ஆங்கிலம், கோடையில் நடக்க வருபவர்களுக்கு.
அவர்களுக்கு முதலில்
கழிப்பறை எங்கே என்று சொல்லவேண்டும்.

ராணுவ வரைபடத்தில் இந்தக் குன்று வெறும் எண்.
அதற்கு முன்பும் பின்பும்
குதிரைக் கழுத்து.
கீழே சோச்சா ஆறு,
அஞ்சலட்டைக்கென்றே கலக்கியதுபோல் ஒரு பச்சை.

உச்சியில் பாறையைக் குடைந்து ஒரு துப்பாக்கி அறை.
அதன் வாயில் குனிந்து பார்த்தால்
தெரிவதெல்லாம் லார்ச் மரங்கள்.
நூறாண்டில் காடு மெல்ல ஏறிவந்து
நடுவே உட்கார்ந்துவிட்டது,
சண்டையை விலக்கிவிட வந்து
அங்கேயே தங்கிவிட்ட பெரிய மனிதரைப் போல.

தோல்மின் அலுவலகத்து யெர்னேயா
வரைபடத்தில் சிவப்பு முக்கோணம் ஒன்று வரைந்தாள்.
இருநூற்றுப் பதினான்கு மரம்.
வெட்டினால், அன்று அவன் கண்ட சரிவு
இன்று வருகிறவர் கண்ணுக்கும் கிடைக்கும்.
'நிலம்தான் ஆவணம்,
காடு அதன்மேல் கிறுக்கிவைத்திருக்கிறது' என்றாள்.
அவள் சொன்னது தவறில்லை.
மரங்களுக்குள் நின்றால்
இத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்று புரிவதே இல்லை.
வெளி திறந்தால் ஒரு நொடி போதும்:
ஒளிய ஒரு புதர் கிடையாது.

மரத்தை வாங்கத்தான் ஆளில்லை.
முள்கம்பியைத் தின்று வளர்ந்த மரங்கள்.
குதிரைக் கழுத்து என்றதுமே
அறுவை ஆலைக்காரர் தன் ரம்பத்தைத் தடவிப் பார்த்து
வேறு பேச்சு பேசினார்.

கீழ்ச்சரிவில் காடு ஏறவில்லை.
அது லுத்விக் ஸ்கோச்சிரின் நிலம்.
ஆண்டுக்கு இருமுறை அங்கே போர் எழும்,
காய்ந்த புல்லைக் கழி நட்டுக் குவித்த போர்.
அரிவாளில் 'ணங்' என்று பட்டதையெல்லாம்
ஒரு பழைய பால் கேனில் போட்டுவைத்திருக்கிறார்.
களத்தைக் காத்தவர் என்று
உங்கள் பெயரைப் பலகையில் போடட்டுமா என்றேன்.
'நான் காத்தது புல்லை.
மற்றது அதன் பாட்டுக்குக் கிடந்தது.'

மார்ச்சில் முதல் கீற்று வெட்டி முடித்தார்கள்.
ஜூனில் தனியாக ஏறிப் போனேன்.
அறைக்குள் ஈரமும் ஆட்டுப் புழுக்கையும்.
வாயில் கண்ணை வைத்ததும்
சரிவு முழுக்க ஒரே வீச்சில் விரிந்தது, அழகாக.
நடுவில் லுத்விக், கட்டைவிரல் நகமளவு,
நீலத் தொப்பி,
புல்லை வாரிக்கொண்டிருந்தார்.
அவர் இடப்பக்கம் நகர்ந்தார்,
என் கண்ணும் நகர்ந்தது.
குனிந்தார், காத்திருந்தேன்.
நிமிர்ந்தார்.

என்னைப் பார்த்துவிட்டார்போல. கையசைத்தார்.
எனக்குக் கை எழவில்லை.

யெர்னேயாவிடம் அன்று மாலை சொன்னேன்.
வெகுநேரம் பேசாமல் இருந்தவள்
'அதைத்தானே காட்டவேண்டும்?' என்று கேட்டாள்.
அதைத்தான்.
ஆனாலும் முக்கோணத்தில் பாதியோடு நிறுத்திக்கொண்டோம்.
ஏன் பாதி என்று அறிக்கையில் கேட்டிருக்கிறார்கள்.
இன்னும் பதில் எழுதவில்லை.

பலகை இப்போது உச்சியில் இல்லை.
புல்வெளியின் அடியில், மேலே அண்ணாந்து பார்க்கும்படி.
படிக்கிறவருக்கு முதுகில் ஆறு,
நெற்றிக்கு நேரே
பாறையில் ஒரு கறுப்புப் புள்ளி.

தன் நிலத்தில் பலகை நட
லுத்விக் கேட்டது ஒரே ஒரு வரி:
மாட்டுக் கதவைத் தயவுசெய்து சாத்துங்கள்.
நான்கு சொல். எண்பதுக்கு மேல் இடமில்லை.
வீரமிக்க, கடும், வரலாற்றுச் சிறப்புமிக்க,
இந்த நான்கையும் எடுத்தேன்.

கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டுத்தான் போகிறார்கள்.