பதினோராவது ஒலிநாடா

முருகன்குறிச்சியில் எங்கள் தட்டச்சுக் கடைக்குப்
பேராசிரியர் தாணுலிங்கம் ஒரு பிஸ்கட் டப்பா கொண்டுவந்தார்.
உள்ளே ஒலிநாடாக்கள்.
"மலையில ஒரு பிலாத்தி, ஈச்சன் காணின்னு பேரு.
ஆயுசு பூரா சொல்லியிருக்காரு.
சொன்னது சொன்னபடி அடிக்கணும் புஷ்பம்."
பக்கத்துக்கு நாலு ரூபாய்.
கார்பன் நகலுக்கு ஒரு ரூபாய் கூடுதல்.

சொன்னது சொன்னபடி என்றால் முதலில் மழை.
தகரத்தில் பத்து நிமிடம் மழை மட்டும்.
பிறகு இருமல். யாரோ நாயை அதட்டுகிறார்கள்.
அப்புறம்தான் அவர் குரல்,
கூழாங்கல்லை வாய்க்குள் புரட்டுகிற மாதிரி.
அவர் மூன்று மூச்சு பேசுவார்.
ஜீப் ஓட்டும் ஐகோர்ட்துரை ஒரே வரியில் முடிப்பார்:
"ஆத்தப் பாத்தேங்காரு சார்."

மழையை எந்த எழுத்தால் அடிப்பது?
புள்ளி வைத்தேன். வரி நிறையப் புள்ளி.

பால்பல் விழுந்த வருசம் அவருக்குக் காய்ச்சல்.
உடம்பைப் பாயிலேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே போயிருக்கிறார்.
தாமிரபரணி எதிரே ஏறி வந்ததாம்,
புன்னைக்காயலில் கடலை உதறிவிட்டு,
ஆத்தூரில் ஒரு கட்டு வெற்றிலை,
குறுக்குத்துறையில் யாரோ மறந்துபோன செம்பு,
எல்லாம் இடுப்பில் செருகிக்கொண்டு.
பாபநாசத்தில் நிறைமாதக்காரி போல நின்று மூச்சு வாங்கியதாம்.
மலையேறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டதாம்:
"என்ன எங்கலே படுக்க வைப்ப?"

அந்த ஊர் ஒன்றையும் அவர் அதுவரை கண்டதில்லை.

அணை கட்டினார்கள்.
தாயைப் புதைத்த மேட்டின்மேல் தண்ணீர் நின்றது.
"அதான் பதிலுன்னு நெனச்சேன். இல்ல."
இங்கே நாடா சிக்கிக்கொண்டது.
பென்சில் விட்டுச் சுற்றி எடுத்தேன்.

ஏழாவதில் குற்றாலம். சாரல் விழா மேடை.
பத்து நிமிடம் தந்தார்களாம்.
கொக்கரையை உரசிப் பாட்டைத் தொடங்கினால்
பாதியில் சாமி இறங்கிவிட்டது.
"கை தட்டுனாங்க. போயிட்டு."
ஒரு துண்டும், பெயரைத் தப்பாக எழுதிய சான்றிதழும் கிடைத்தன.
சொல்லிவிட்டுச் சிரிக்கிறார், நெடுநேரம்.
சிரிப்புக்கும் புள்ளிதான்.

பதினொன்றை மட்டும் ராத்திரி தனியாக உட்கார்ந்து அடித்தேன்.
பதினாலு வருசம் அவர் உபதேசியார்.
வெள்ளைச் சட்டை, சைக்கிள், இஸ்ரவேல் என்று இன்னொரு பெயர்.
அம்மை போட்டுச் செத்த பிள்ளைகளுக்கு
ஜெபம் பண்ணிக் குழி மூடியிருக்கிறார்.
அதே கையால் அதே ராத்திரி
கொக்கரையும் எடுத்திருக்கிறார்.
"ரெண்டும் எங்கிட்ட இருந்துது. சண்ட போடல."
பிறகு முனகுகிறார்:
ஈஸ்டர் விடியலில் எங்கள் கோயிலில் பாடும் மெட்டு,
இரும்போடு இரும்பு உரசும் தாளத்தில்.
என் விரல் நின்றுவிட்டது.

முப்பத்தொரு பக்கம்.
பேராசிரியர் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டார்.
"இது வேண்டாம் புஷ்பம். வாசிக்கிறவன் குழம்பிருவான்."

புத்தகம் வந்தது.
அட்டையில் வெற்று மார்போடு, பாசிமணியோடு அவர்.
சட்டையைக் கழற்றச் சொன்னது படத்துக்காக என்றார் ஐகோர்ட்துரை.
ஆறு கேட்ட கேள்வி நாற்பதாம் பக்கத்தில் இப்படி:
"மானுடனே, இயற்கைக்கு உன் இதயத்தில் இடமுண்டா?"

ஐகோர்ட்துரையிடம் கேட்டேன்:
"ஆறு கேட்டதுக்கு அவரு என்ன பதில் சொன்னாரு?"
பீடியைத் தட்டினார்.
"மூணாவது மூச்சுல என்னமோ சொன்னாரு.
அந்தப் பேச்சு எனக்குச் சரியா பிடிபடல.
சாரும் கேக்கல, நானும் விட்டுட்டேன்."

பிஸ்கட் டப்பாவைப் பேராசிரியர் வாங்கிப் போய்விட்டார்.
என்னிடம் இருப்பது கார்பன் நகல்,
நீலம் கசிந்த தாளில் வரிவரியாகப் புள்ளி.
எது மழை, எது சிரிப்பு,
எது அந்த மூன்றாவது மூச்சு என்று
அடித்த எனக்கே இப்போது தெரியவில்லை.