நூற்றுப் பன்னிரண்டில் இல்லை

மண்டபம் ஐஸ் பேக்டரி மாடியில்
படகுகளின் சமிக்ஞை வாங்கும் பெட்டி.
உப்பேறி அதன் கம்பி முனை பச்சை பூத்திருக்கிறது.
மூன்று நாளாய் முப்பத்தொன்பது படகே தெரிகிறது.
நாற்பதாவது கெர்னலுக்குள் எங்கோ விழுந்து
சத்தமில்லாமல் போகிறது.

விழும் இடத்தைப் பார்த்து வர
ஒரு சிறு நிரல் எழுதி உள்ளே இறக்கினேன்.
செய்தியின் நீளம் நூற்றுப் பன்னிரண்டாவது பைட்டில் என்று
நானே கையால் எழுதிக் கொடுத்தேன்.
போய்ப் பார்த்துவிட்டுப் பொய் சொல்லியது.
என் மேசையில் நீளம் இருந்த இடத்தில்
இந்தப் பெட்டியில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

வாடை முற்றினால் வடகடல் படகு
தென்கடலில் கட்டுவதில்லையா, அதுபோல்தான்.
படகு அதேதான். துறைதான் வேறு.

எது எங்கே நகர்ந்தது என்ற வகை விவரத்தை
விற்றவன் இடம் மிச்சமென்று வழித்தெடுத்திருந்தான்.
அதே கெர்னலை மறுபடி தொகுத்தேன்.
மின்விசிறி இரண்டு முறை நின்றது.
வகைகளை மட்டும் பிரித்தெடுத்தேன், ஒரு கோப்பு,
நாலு எம்பி.

திறந்து படித்தேன், தூக்கம் வராததால்.
வகை எண் பூஜ்யம்: வெறுமை.
அதை யாரும் எழுதி வைப்பதில்லை,
எண்ணிக்கை மட்டும் அதற்கு அடுத்து தொடங்குகிறது.
பெயர்கள் எல்லாம் கடைசியில் ஒரே குவியலாய்;
வகைக்குத் தன் பெயர் தெரியாது,
குவியலில் எத்தனையாவது எழுத்தென்று தெரியும்.
ஒன்று தன்னைச் சுட்டிக்காட்டலாம்.
தன்னைத் தனக்குள் வைத்துக்கொண்டால்
உள்ளே விடமாட்டார்கள்.

மூன்றரைக்கு அமலோற்பவம் படியேறி வந்தாள்.
வடக்குப் பாலத்தில் நின்றே பொழுது போயிருந்தது.
சேலை நுனியில் மணல்.
"நம்ம போட்டு தெரியுதா தம்பி?"
"நம்பர்?"
"நம்பரெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.
அணியத்துல நீலம், இடப்பக்கம் புதுப் பலகை ரெண்டு,
போன மாசம்தான் அடிச்சது."
நான் திரையைப் பார்த்தேன்.
பலகைக்கு அதில் புலம் இல்லை.

நாலு பத்துக்கு நிரல் ஏறியது.
இந்த முறை நான் எண் சொல்லவில்லை,
நீளம் என்று மட்டும் சொன்னேன்.
கோப்பைப் பார்த்து அதுவே திருத்திக்கொண்டது:
நூற்று இருபது.

அங்கே இருந்தது நாற்பதாவது.
வரம்பைத் தாண்டிய நீளம், அதனால் தள்ளுபடி.
"பேரு மாத்துனீங்களா?"
"பய மாத்துனான், ஞாயித்துக்கெழம.
எல்லாரும் இங்கிலீசுல போட்டிருக்காங்க,
நாம தமிழ்ல போடுவோம்னு."
புனித சந்தியாகப்பர் அடைக்கலம்.
ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்,
கொம்புக்கும் புள்ளிக்கும் கூட.

அதற்குள் அவள் போன் அடித்தது.
"தெக்க கட்டிருக்காவளாம். காத்து."
செருப்பைத் தேடினாள். படியில் திரும்பி,
"பேரச் சுருக்கச் சொல்லவா?"

வேண்டாம் என்றேன்.
வரம்பை இருநூறாக்கிவிட்டு
ஈரச் சாக்கு வாசத்தோடு
தரையில் படுத்தேன்.