ஐந்தாம் பாகம் தாமதம்

சனிக்கோளின் ஒன்பதாம் நிலவில்
நேற்றிரவு பதினொன்று நாற்பதுக்கு
எங்கள் படை இறங்கிக்கொண்டிருந்தபோது
மோல்மீனில் கரண்ட் போனது.
என் மடிக்கணினியின் பேட்டரி செத்து இரண்டு வருஷம்.
முந்நூறு பேர் காற்றில்லாத வானத்தில்
கால் நீட்டியபடி நிற்க,
நான் தீப்பெட்டி தேடினேன்.

பகலில் உளுந்துக் கிட்டங்கியில் கணக்கெழுதுகிறேன்.
மூட்டை, எடை, கழிவு, லாரி வாடகை.
அதனால்தான் என் தளபதிகள்
துப்பாக்கியை எண்ணுமுன் அரிசியை எண்ணுகிறார்கள்.
'சண்டை எப்போ சார் வரும்?'
முதல் பாகம் வாங்கிய பதினேழு பேரில்
பதினாறு பேர் கேட்டது இதைத்தான்.

நாலு பாகமும் கோ தெய்ன் கடையில் நகலெடுத்தவை.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
இரண்டாம் பாகத்தில் தொண்ணூறாம் பக்கத்தை அடுத்து
அறுபத்தொன்று வந்துவிட்டது.
செத்த கேப்டன் எழுந்து காப்பி கேட்டார்.
பெகுவிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார்:
அந்த இடம் பிரமாதம்.

மூன்றாம் பாகத்தில் பச்சைச் சீருடை வேண்டாம் என்று பட்டது.
பச்சை எல்லாவற்றையும் சாம்பலாக்கு என்றேன்
கணினியிடம். அது சொன்னதைச் செய்யும்.
பாசறைச் சமையலில் இன்றைக்கும்
சாம்பல் மிளகாய் வதங்குகிறது.

அட்டைக்கு மயில் வரைந்திருந்தேன்.
போர்க்கப்பலின் பெயர் அது.
சோதனைச் சாவடியில், ஏதோ முருகன் புத்தகம் என்று
விட்டுவிடுவார்கள். என் போர்த்தந்திரம்.
கோ தெய்ன் வாசலைப் பார்த்துவிட்டு
குரலை இறக்கினான்.
'அக்கோ, இந்த நாட்டில் மயிலும் ஒரு கட்சி.'
மயிலை அழித்து வேல் வரைந்தோம்.
வேல் ஆயுதம் என்று
ஒரு சிப்பாய்க்கும் தோன்றவில்லை.

பதினேழாவது ஆள் குணாளன்.
பள்ளிக்கூடத்தில் ஸோ வின்.
மேல் மார்க்கெட் பக்கம் போன் ரிப்பேர்.
'என் பேரை ஒரு வீரனுக்கு வைங்க.
செத்தாலும் பரவாயில்லை,
நல்லா சாகணும்.'
வைத்தேன்.
கார்ப்பொரல் குணாளன், ஏழாம் அணி, ரேடியோக்காரன்.
ஐந்தாம் பாகம், பன்னிரண்டாம் அத்தியாயம்.
பாலம் இடிகிறது, அவன் கடைசிச் செய்தியை அனுப்புகிறான்.
இரண்டே பக்கம்.
நான் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுதான்,
முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன்.

பிறகு சட்டம் வந்தது.
வார்டு ஆபீசில் பிளாஸ்டிக் குடம்,
குடத்துக்குள் சீட்டு,
ஒரு சீட்டில் ஸோ வின்.
கடை ஷட்டரில் இப்போது இரண்டு பூட்டு.
பட்டாளத்தில் இருக்கிறான் என்கிறார் ஒருவர்.
மொஹிங்கா விற்பவள், மியாவடி தாண்டிவிட்டான் என்கிறாள்,
கிண்ணத்தைக் கழுவியபடி,
என்னைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை அவன் அம்மா கிட்டங்கிக்கு வந்தாள்.
கசங்கிய ஆயிரம் சாட் தாள் ஐந்து.
'அடுத்த புத்தகத்துக்கு. போகும்போது சொன்னான்.'
தராசுப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாள்.
'அதுல அவன் வர்றானாமே.
இப்ப எங்க இருக்கான்?'

எடைக்கல்லை எடுத்து வைத்தேன்.
மறுபடி எடுத்தேன்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் அம்மா, என்றேன்.

இரவு ஒன்றேகாலுக்குத் தெருவே கத்தியது,
மீ லாபீ!
மின்விசிறி சுற்றியது. முந்நூறு பேரையும்
மெதுவாகத் தரையிறக்கினேன்.
ஒருவனுக்கும் கணுக்கால் பிசகவில்லை.
பாலம் எண்பது கிலோமீட்டர் தூரத்தில்.
வழியில் ஒரு வாரப் புழுதிப்புயல் வைத்தேன்,
லாரிக்கு டீசல் இல்லாமல் செய்தேன்.
அந்த இரண்டு பக்கத்தை அழிக்கவும் இல்லை,
திறக்கவும் இல்லை.

சண்டை எப்போ சார் என்பார்கள்.
பதினோராம் அத்தியாயம் நீண்டுகொண்டிருக்கிறது.
கார்ப்பொரல் ரேடியோவைப் பிரித்துத் துடைக்கிறான்,
தளபதி சாக்குகளை எண்ணுகிறார்.
அரிசி இன்னும்
பத்தொன்பது நாளைக்கு இருக்கிறது.